லிட்டரை யார் எண்ணுகிறார்கள்?

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் மத்திய அரசு எவ்வளவு எடுக்கிறது, மாநில அரசு எவ்வளவு எடுக்கிறது என்ற விவாதம் எழுகிறது. தேவையான விவாதம்தான். ஆனால், பங்க்கில் நாம் கொடுத்த வரி முழுவதும் கருவூலத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைக் கேட்பதற்கென்றே இருப்பவர்கள் வருவாய்த் தணிக்கையாளர்கள். அப்படியொரு தணிக்கைக் குழுவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், அவர்கள் முன்னால் ரூபாய்க் கணக்கை மட்டும் வைத்துவிட்டு லிட்டர் கணக்கை வைக்காமல் இருப்பது பெரும் குறை என்று கருதுகிறேன்.

2020 மே மாதம் வரை தமிழ்நாட்டில் எரிபொருள் மீதான வாட் (மதிப்புக்கூட்டு) வரி முழுக்க விலையின் சதவீதமாகவே இருந்தது: பெட்ரோலுக்கு 34, டீசலுக்கு 25. அந்த மாதம் முறை மாறியது. டீசலுக்கு 11 சதவீதத்தோடு லிட்டருக்கு 9.62 ரூபாய் என்றும், பெட்ரோலுக்கு 15 சதவீதத்தோடு 13.02 ரூபாய் என்றும் ஆயிற்று. 2021 ஆகஸ்டில் பெட்ரோல் வரி 13 சதவீதம், 11.52 ரூபாய் எனக் குறைந்தது. 12,000 லிட்டர் டீசல் கொண்ட ஒரு டேங்கரில் இந்த நிலையான பகுதி மட்டும் 1,15,440 ரூபாய். ஆகவே ஒரு டேங்கர் கணக்கில் ஏறாமல் போனால் அரசு எதை இழக்கிறது என்பதை விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. லிட்டரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்த வரி வசூலாகும் இடம் பங்க் அல்ல என்பதையும் பலர் அறிவதில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெளிவரும் சரக்கு இந்தியன் ஆயிலுக்குப் போகிறது; அங்கிருந்து ஒரு பகுதி வேறொரு எண்ணெய் நிறுவனத்துக்குப் போகலாம். ஒரு எண்ணெய் நிறுவனம் இன்னொரு எண்ணெய் நிறுவனத்துக்கு விற்பதை வரிக்குரிய முதல் விற்பனையாகக் கொள்வதில்லை. அந்த வட்டத்தை விட்டுச் சரக்கு வெளியேறும் இடத்தில்தான் வரி விழுகிறது. அதை வாங்கி விற்கும் பங்க் உரிமையாளர் 'இரண்டாம் விற்பனை' என்று விலக்குக் கோருகிறார். சரக்கு எங்கே வெளியேறியது என்பதையும், விலக்குக் கோரப்பட்ட ஒவ்வொரு லிட்டருக்கும் முன்னால் வரி கட்டியவர் யார் என்பதையும் கண்டுபிடிப்பதே தணிக்கையாளரின் வேலையில் பாதி. அதற்கு அவருக்குக் கிடைக்கும் வணிகவரி அலுவலகக் கோப்பில் இருப்பதோ பெரும்பாலும் வியாபாரி தரும் மாத நமூனாவில் (வரி விவரப் படிவத்தில்) உள்ள மொத்த விற்பனைத் தொகைதான்.

2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தையும் ஜிஎஸ்டி கவுன்சில் நாள் குறித்துப் பரிந்துரைக்கும் வரை அந்த வரிக்கு வெளியே நிறுத்தினார்கள். மாநிலங்களின் கையில் எஞ்சிய சில வரிகளில் இது ஒன்று என்பதால் அந்த முடிவை நான் குறை கூறமாட்டேன். அதன் பக்கவிளைவுதான் கவலை தருகிறது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட பிஸ்கட் லோடு மாநில எல்லையைத் தாண்டினால் இ-வே பில் என்ற மின்னணுப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும். அதைப் போலப் பல மடங்கு மதிப்புள்ள டீசல் டேங்கருக்கு ஜிஎஸ்டி விதிகளின்படி இ-வே பில் வேண்டியதில்லை. வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டுவிட்டன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் விலை குறைவாக இருக்கும்போது, எல்லையோர மாவட்டங்களுக்குள் டீசல் எப்படி வருகிறது என்பதைத் தாளில் பின்தொடர ஒரு தணிக்கையாளருக்கு என்ன வழி இருக்கிறது?

லிட்டர் கணக்கு கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜிஎஸ்டிக்குப் பிறகும் தொழிற்சாலைகள் சி படிவம் (சலுகை வரிக்கான உறுதிமொழிப் படிவம்) கொடுத்து வெளிமாநிலத்திலிருந்து 2 சதவீத வரியில் டீசல் வாங்கலாம் என்று ராம்கோ சிமென்ட்ஸ் தொடுத்த வழக்கில் 2018 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்தச் சலுகையைச் சுருக்கியது. இடைப்பட்ட காலத்தில் சலுகை சட்டப்படியானதே. தணிக்கையாளர் பார்க்க வேண்டியது, அந்த டீசல் உற்பத்திக்கும் மின்னாக்கத்துக்கும்தான் போனதா, அல்லது லாரிகளின் டேங்குக்குப் போனதா என்பதை. கொள்முதல் பட்டியலை மட்டும் புரட்டினால் விடை கிடைக்காது. சொந்த ஜெனரேட்டரில் எடுக்கும் மின்சாரத்துக்கும் மாநிலத்தில் மின்சார வரி உண்டு என்பதால், அந்தக் கணக்கில் எத்தனை யூனிட் காட்டியிருக்கிறார்கள் என்பதை எடுத்துப் பக்கத்தில் வைக்க வேண்டும். பெரிய டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்குச் சுமார் மூன்றரை முதல் நான்கு யூனிட் தரும். வாங்கிய லிட்டருக்கும் காட்டிய யூனிட்டுக்கும் பொருத்தமே இல்லையென்றால் அங்கே ஒரு தணிக்கை வினவல் பிறக்கிறது. இரண்டு அலுவலகங்களின் இரண்டு பதிவேடுகள். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைக்கும் வாய்ப்பு மட்டும் எளிதில் கிடைப்பதில்லை.

மீனவர்களின் வரிவிலக்கு டீசலும் அப்படித்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்நாட்களில் விசைப்படகின் பெயரில் டீசல் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று தேதியைப் பார்த்தாலே போதும். உண்மையான மீனவருக்குப் போக வேண்டிய சலுகையைக் காப்பதும் இந்தச் சோதனைதான்.

லிட்டரை எண்ணுவது எளிது என்று நான் சொல்ல வரவில்லை. 1,000 லிட்டர் பெட்ரோல் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 12 லிட்டர் கூடுகிறது. டீசல் சுமார் 8 லிட்டர் கூடுகிறது. அதனால்தான் டேங்கரோடு வரும் சலானில் 15 டிகிரிக்குக் கணக்கிட்ட அடர்த்தியை எழுதுகிறார்கள். பங்க்கில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, வெப்பமானியையும் பார்த்து, கிடைக்கும் அடர்த்தி சலானில் உள்ளதோடு கன மீட்டருக்கு 3 கிலோவுக்குள் ஒத்துப்போகிறதா என்று அடர்த்திப் பதிவேட்டில் குறிக்கிறார்கள். இதை அறியாத தணிக்கையாளர் மே மாத வெயிலில் கூடிய லிட்டரைக் கண்டு நேர்மையான உரிமையாளர் மீது குற்றம் எழுதிவிடுவார். அல்லது, உண்மையான திருட்டை 'ஆவியிழப்பு' என்ற பதிலோடு ஏற்றுக்கொண்டுவிடுவார். சட்டப் புத்தகத்தோடு இந்த அளவியலையும் தணிக்கைக் குழுக்களுக்கு முறையாகக் கற்பிக்க வேண்டும். இப்போது இதை மூத்தவர் சொல்லி இளையவர் தெரிந்துகொள்வதே வழக்கமாக இருக்கிறது.

1971ஆம் ஆண்டின் தணிக்கைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, வரவுகளைத் தணிக்கை செய்வதோடு, வரியை நிர்ணயிக்கவும் வசூலிக்கவும் உள்ள விதிமுறைகளே போதுமானவையா என்று திருப்தியடையும் கடமையையும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் (சிஏஜி) மீது வைக்கிறது. அந்தக் கடமையை நிறைவேற்றக் கேட்பது பெரிய காரியமல்ல. பங்க்குகளில் தானியங்கி அளவீட்டுக் கருவிகள் வந்துவிட்டன. எந்தத் தொட்டியில் எவ்வளவு இறங்கியது, எந்தப் பம்ப் எவ்வளவு ஊற்றியது என்பதெல்லாம் எண்ணெய் நிறுவனங்களின் கணினிக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தத் தகவலையும் எண்ணெய் முனையங்களிலிருந்து டேங்கர் வெளியேறும் கணக்கையும் வணிகவரித் துறை மாதந்தோறும் பெற்று, தணிக்கைக்குத் திறந்துவிட வேண்டும்; பெட்ரோல், டீசலுக்கும் இ-வே பில் போன்ற ஒரு போக்குவரத்துப் பதிவை வாட் சட்டத்தின் கீழேயே மாநில அரசு கொண்டுவர வேண்டும். வினவல் எழுதி, அது ஆய்வறிக்கையாகி, துறையின் பதிலுக்குக் காத்திருந்து, சட்டமன்றத்துக்கும் பொதுக் கணக்குக் குழுவுக்கும் போய்ச் சேர்வதற்குள் மறுமதிப்பீட்டுக்கான காலவரம்பே கடந்துவிடும் இனங்கள் உண்டு. லிட்டர் கணக்கு மாதந்தோறும் கிடைத்தால், அவற்றில் பலவற்றை அந்த ஆண்டிலேயே பிடித்து, அந்த ஆண்டிலேயே வசூலிக்க முடியும்.