அரளிச் செடிக்கு மேலே எட்டிப் பார்த்து

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, நாலு வழிச்சாலையின் நடுவே பூத்துக் கிடக்கும் அரளி கண்ணுக்குக் குளிர்ச்சி. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதே செடியோரம் எக்ஸ்எல்லை நிறுத்திக்கொண்டு, திரும்ப நேரம் பார்த்து நிற்கிறவனின் பாடு வேறு.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் கயத்தாறுக்கும் இடையில். சாலைக்குக் கிழக்கே வீடு, மேற்கே விவசாயக் காடு. முன்பு குறுக்கே நடந்தால் இரண்டு நிமிடம். இப்போது தெற்கே போய், சென்டர் மீடியனில் விட்டிருக்கும் திறப்பில் திரும்பி, மறுபடி வடக்கே வர வேண்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பழைய ரோட்டில் எதிரே வரும் லாரியின் ஹைபீம் கண்ணில் அடிக்க, எதையும் பார்க்க முடியாமல் வண்டியை ஓரங்கட்டிய இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்த வெளிச்சத்தை மறைக்கத்தான் அரளி. தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். விஷச்செடி என்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. நல்ல தேர்வுதான்.

சிக்கல் அந்தத் திறப்பில் இருக்கிறது. செடி ஆளுயரம் வளர்ந்து, திறப்பின் விளிம்பு வரை வந்து நிற்கிறது. லாரி டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் மேலே பார்த்துவிடுவார். டூவீலரில் இருப்பவனுக்கு இலைதான் தெரியும். திருநெல்வேலிப் பக்கமிருந்து வரும் வண்டியைப் பார்க்க, முன் சக்கரத்தை ரோட்டுக்குள் நீட்டியாக வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து கிளம்பித் திரும்பி ஓரத்துக்குப் போக எனக்கு நாலு நொடியாவது ஆகும். அப்படியானால் கிட்டத்தட்ட 90 மீட்டர் தூரம் எனக்குத் தெரிய வேண்டும். தெரிவது பத்தடிகூட இல்லை.

இந்தப் பயத்தினால்தான் எங்கள் ஊர்க்காரர்கள் பலர் திறப்புப் பக்கமே போகாமல் ராங் சைடில் ஓரமாக வருகிறார்கள். அது தப்பு. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்றே சொல்கிறது. சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அவர்களைத் திட்டுவதற்கு முன், திட்டுகிறவர் ஒருமுறை அந்தத் திறப்பில் பைக்கோடு நின்று பார்க்க வேண்டும்.

சாலையைப் பராமரிக்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. ஒவ்வொரு திறப்புக்கும் இரண்டு பக்கமும் நூறு மீட்டருக்கு அரளியை எடுத்துவிட்டு, முழங்கால் உயரத்தைத் தாண்டாத செடி வையுங்கள். இல்லையென்றால் இருப்பதையே மாதாமாதம் வெட்டுங்கள், முக்கியமாக ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம். அந்த நூறு மீட்டரில் எதிர் வெளிச்சம் கொஞ்சம் கூசும், சரி. அங்கே எல்லோரும் வேகத்தைக் குறைத்துத்தானே வர வேண்டும்?

இப்போதைக்கு எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. திறப்பு வந்ததும் அம்மா பின் சீட்டிலிருந்து இறங்கி, ஒரு கையால் கிளையை ஒதுக்கிக்கொண்டு எட்டிப் பார்ப்பார். அறுபத்தைந்து வயது, முழங்கால் வலி. "இருலே, லாரி வருது" என்பார். அது கடந்து போனதும் "ம், வா" என்று கை காட்டுவார். அப்புறம்தான் நான் வண்டியை எடுக்கிறேன்.