இருபது நிமிடம் வாசியுங்கள் என்றுதானே கேட்டேன்

நேற்று இரவு நாற்காலிகளை அடுக்கும்போதே எழுதிவிட நினைத்தேன். கை நடுங்கியது, விட்டுவிட்டேன். இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. சின்ன ஊரில் புத்தகக் கடை வைத்து, உள்ளூர் எழுத்தாளர்களைக் கூப்பிட்டு வாசிப்புக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆறு மணிக்குக் கூட்டம். இருபது நிமிடம் வாசிப்பு, பதினைந்து நிமிடம் கேள்வி பதில், அப்புறம் கையெழுத்து. போனில் மூன்று முறை பேசி ஒப்புக்கொண்டது இதுதான். எழுத்தாளர் ஆறே காலுக்கு வந்தார், சரி. கூடவே நான்கு பேரை அழைத்து வந்தார். நால்வரும் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவார்களாம்! முதலாமவர் புத்தகத்தை இன்னும் படிக்கவில்லை என்று மைக்கிலேயே சொன்னார். சொல்லிவிட்டு இருபத்தைந்து நிமிடம் பள்ளிக்கூட நட்பைப் பேசினார். இரண்டாமவர் கதைச் சுருக்கம் என்று ஆரம்பித்து, கடைசி அத்தியாயத்தில் யார் சாகிறார் என்பது வரை சொல்லி முடித்தார். மூன்றாமவர் பேசியது ஒன்றும் நினைவில்லை, மைக்கைத் தட்டிய சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. நான்காமவர் தன்னுடைய சொந்தக் கவிதைகளைப் படித்தார். மூன்று கவிதைகள்.

மணி ஏழரை. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வாராவாரம் கடைக்கு வருகிறவர். ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டார். புத்தகத்தைப் போன வாரமே வாங்கிப் படித்து, கேட்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் பொடி எழுத்தில் எழுதிப் பக்கங்களுக்கு நடுவே செருகியிருந்தார். எழுந்து என்னிடம் வந்து, "அவர் எப்பங்க வாசிப்பாரு? கடைசி பஸ் போயிடும்" என்றார். எனக்கு வாயே வரவில்லை. சீட்டை உருவி நாலாக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அதற்கப்புறம்தான் எழுத்தாளர் எழுந்தார். எழுந்து எதை வாசித்தார்? முன்னுரையை! பிறகு நன்றிப் பக்கத்தை, பெயர் பெயராக. எந்தப் பகுதியை வாசிப்பது என்றே முடிவு செய்யாமல் வந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடினார். கதை ஒருவழியாக வந்தபோது தலையைத் தூக்கவில்லை, முற்றுப்புள்ளிக்குக்கூட நிற்கவில்லை.

ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1858 முதல் 1870 வரை கட்டணக் கூட்டங்களில் தன் கதைகளை வாசித்தார். அவ்வளவு பேர் பெற்ற மனிதர், வாசிப்பதற்கென்றே தனிப் பிரதி வைத்திருந்தார். நீளமான இடங்களை வெட்டினார், எங்கே என்ன உணர்ச்சி வர வேண்டும் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டார், ஒத்திகை பார்த்த பிறகே மேடை ஏறினார். எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்காகத் தன் எழுத்திலேயே கை வைத்தார். இவருக்கு வீட்டில் கடிகாரத்தை வைத்து ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பார்க்க முடியாதா? பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் மொத்தமே பத்துப் பக்கம். அந்தப் பத்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதுதானே வேலை!

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். பதிப்பகத்திடம் கமிஷனுக்கு முப்பது பிரதிகள் எடுத்திருந்தேன். விற்றால் ஒரு பங்கு எனக்கு. விற்காவிட்டால் திருப்பி அனுப்பும் பார்சல் செலவு என் தலையில். வாசல் பக்கம் மேசையில் அடுக்கி, பில் புத்தகத்தோடு நான் உட்கார்ந்திருக்க, எழுத்தாளர் என் கண்ணெதிரே ஒரு பெரிய துணிப்பையைத் திறந்தார். உள்ளே அதே புத்தகம். "யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது" என்று ஆளுக்கு ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு இலவசமாகக் கொடுத்தார். பில் போட்டு வாங்கியிருந்த இரண்டு பேர் திரும்பி வந்து பணத்தைக் கேட்டார்கள். கொடுத்தேன்.

நாற்காலி வாடகை, மைக் வாடகை, அன்று மாலை நின்றுபோன வியாபாரம் எல்லாம் போகட்டும். பெருக்கும்போது பார்த்தால் அந்த இலவசப் பிரதிகளில் இரண்டு நாற்காலியிலேயே கிடந்தன, கையெழுத்தோடு. காசு கொடுத்து வாங்கி, படித்து, கேள்வி எழுதிக்கொண்டு வந்த ஒரே ஆளுக்கு ஒரு பத்திகூடக் காதில் விழவில்லை. அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று இவருக்குத் தெரியவே போவதில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த மாதம் வேறொருவர் வருகிறார். பேச்சாளர் யாரும் கிடையாது, வாசிக்கப் போகும் பக்க எண்களை முன்னாடியே அனுப்ப வேண்டும், பிரதிகள் என் மேசையில் மட்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்புறம், கடையில் நின்றபடியே படித்துவிட்டு, விட்ட இடம் தெரியப் பக்க முனையை மடித்து அலமாரியில் திருப்பி வைக்கிறவர்களே, நேற்று ஒன்று பார்த்தேன். புத்தம் புதுப் பிரதி, ஐந்து இடத்தில் மடிப்பு. ஐந்து நாள் வந்து படித்திருக்கிறீர்கள். ஒரு துண்டுக் காகிதம் கேட்டால் நான் தர மாட்டேனா?