சோளக்காட்டுக்கு நடுவே ஒரு கல்லறைத் தோட்டம்: டிரஸ்டியிடம் என்ன கேட்பது?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி உள்ளே போனால், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவில் நாலைந்து மரம் மட்டும் திட்டாக நிற்பதைப் பார்க்கலாம். விவசாயி அந்த இடத்தை உழாமல் விட்டிருந்தால், பல நேரம் அது பழைய கல்லறைத் தோட்டம். 1816-இல் மாநிலமான பகுதி இது. அதை ஒட்டிய பத்தாண்டுகளில் காடழித்துக் குடியேறிய குடும்பங்கள் இறந்தவர்களைச் சொந்த நிலத்தின் மூலையிலேயே புதைத்தார்கள். (அவர்களுக்கு முன் அந்த மண்ணில் வாழ்ந்த மயாமி, பொட்டவாட்டமி மக்கள் துரத்தப்பட்ட கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) பிறகு வாரிசுகள் வேறு ஊர் போனார்கள், நிலம் கைமாறியது, கல் சாய்ந்தது.

இதைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்கள் டவுன்ஷிப் டிரஸ்டியிடம் (மாவட்டம் போன்ற கவுன்ட்டிக்குள் இருக்கும் சிறு உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்) போய் வரலாறு, பாரம்பரியம் என்று உருக்கமாகப் பேசுவதைப் பார்க்கிறேன். அவரும் உருகுவார். அடுத்த கோடையிலும் புதர் அப்படியே இருக்கும். தயவு கேட்டு நிற்க வேண்டிய விஷயமே இல்லை இது. மாநிலச் சட்டத்தின் 23-14-68 அத்தியாயம், பராமரிக்கப் பணவழி இல்லாமல் சிதைந்து கிடக்கிற, 1939 பிப்ரவரியிலேயே இருந்த கல்லறைத் தோட்டங்களைக் கண்டறிந்து பராமரிப்பதை டிரஸ்டியின் கடமை ஆக்கியிருக்கிறது. கல்லை நிமிர்த்துவது, தரையைச் சமன் செய்து புல் விதைப்பது, வேலி போடுவது, களையையும் புதரையும் அகற்றுவது எல்லாம் அதில் அடக்கம். அதற்கான பணத்தை டவுன்ஷிப் ஒதுக்க வேண்டும்.

ஆனால் ஓர் ஓட்டை உண்டு, பலர் அங்கேதான் விழுகிறார்கள். அந்தத் துண்டு நிலத்துக்குச் சொத்துவரி மதிப்பிட்டு யாராவது கட்டிக்கொண்டிருந்தால் இந்த அத்தியாயம் அதற்குப் பொருந்தாது. பெரிய வயலின் சர்வே எண்ணுக்குள் கல்லறையும் சேர்ந்துபோயிருந்தால், "அது தனியார் நிலம்" என்று டிரஸ்டி ஒரே வரியில் முடித்துவிடுவார். அதனால் முதல் வேலை, சொத்துவரிக்கு நிலத்தை மதிப்பிடும் கவுன்ட்டி அசெசர் அலுவலகத்தில். தனி எண் இருக்கிறதா, வரிவிலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பத்திரங்களைப் பதியும் ரெக்கார்டர் அலுவலகத்தில் பழைய கிரயப் பத்திரங்களைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். "கல்லறைக்காக அரை ஏக்கர் நீங்கலாக" என்பது போன்ற வரி எங்காவது கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கவுன்ட்டிக்குத் தனியாகக் கல்லறை ஆணையம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இருந்தால் போக வேண்டிய கதவு வேறு.

அடுத்தது நேரம். டவுன்ஷிப் பட்ஜெட் நவம்பர் 1-க்குள் நிறைவேற வேண்டும், அதற்கு முன் பொது விசாரணை நடக்கும். வசந்த காலத்தில் புல் வளர்ந்த பிறகு போய்க் கத்தினால், "இந்த வருஷம் பணம் இல்லை" என்ற பதில் உண்மையாகவே இருக்கும். ஜூலையிலேயே டிரஸ்டியைத் தனியாகச் சந்தித்து எழுத்தில் கொடுங்கள். மூன்று பேர் கொண்ட டவுன்ஷிப் போர்டுக்கும் பிரதி போகட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: இடத்தின் அமைவு, சட்டப் பிரிவு, நாலு படங்கள், இரண்டு ஒப்பந்தக்காரர்களின் எழுத்துபூர்வ விலைப்புள்ளி, முதல் வருடத்துக்கு இவ்வளவு, பிறகு புல் வெட்ட ஆண்டுக்கு இவ்வளவு. எண் இல்லாத கோரிக்கை எந்தப் பட்ஜெட்டிலும் ஏறாது. புதைக்கப்பட்டவர்களில் 1812 போரிலோ உள்நாட்டுப் போரிலோ இருந்தவர் யாராவது உண்டா என்று தேடுங்கள். அடையாளக் கல் இல்லாத முன்னாள் படைவீரர் கல்லறைக்கு மத்திய அரசின் படைவீரர் துறை இலவசமாகக் கல் தருகிறது. முன்னாள் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜன் ஆட்கள் இரண்டு பேர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போர்டின் தொனியே மாறும்.

பணம் கிடைத்ததும் எல்லோரும் வேலிக்கு ஓடுவார்கள். முதலில் நில அளவை, பிறகுதான் வேலி. கண்ணுக்குத் தெரியும் கற்களைச் சுற்றி வேலி போட்டால், அடுத்த தலைமுறைக்கு அதுவே எல்லை. வெளியே விடுபட்ட கல்லறைகள் ஏர் முனைக்குப் போகும். ஜான்சன் கவுன்ட்டியில் சாலை நடுவே இருக்கும் நான்சி பார்னெட் கல்லறையை நினைத்துக்கொள்ளுங்கள். 1831-இல் இறந்த ஒரு பெண்ணின் கல்லறை என்று சொல்லிவந்த இடத்தை 2016-இல் தோண்டியபோது ஏழு பேரின் எச்சங்கள் கிடைத்தன. எழுத்தில்லாத வெறும் கற்களைப் பொறுக்கி ஓரத்தில் குவிப்பதும் இதே தவறுதான், அவையும் தலைக்கல்லாக இருக்கலாம். தரையில் வின்கா கொடியோ யூக்காவோ படர்ந்திருந்தால் யாரோ நட்டு வைத்தது என்று எடுத்துக்கொண்டு, படம் எடுத்துக் குறித்த பிறகே கை வையுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டிய சில விஷயங்கள். ப்ளீச் கூடாது, அதன் உப்பு கல்லுக்குள் இறங்கிப் படிகமாகி உள்ளிருந்தே உதிர்க்கும். பிரஷர் வாஷரும் கம்பி பிரஷும் கூடாது. சர்க்கரைபோல் பொலபொலத்துவிட்ட வெள்ளை மார்பிளைத் தொடாமல் விடுவதே நல்லது. உறுதியான கல்லைத் தண்ணீரில் நனைத்து, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்தால் போதும். சாய்ந்த பலகைக்கல்லை சிமென்ட்டில் புதைத்தால் நிலம் அசையும்போது அது தரைமட்டத்தில் ஒடியும். சரளைக் கல்லை இறுக்கி அதில் நிறுத்த வேண்டும். புல்வெட்டி இயந்திரத்தின் நைலான் கயிறு மார்பிளை அறுக்கிறது, ஆகவே கல்லை ஒட்டிக் கையால்தான் வெட்ட வேண்டும். மரத்தைத் தரையோடு அறுக்கலாம், வேரைப் பிடுங்கக் கூடாது. நல்ல மனதோடு வரும் தன்னார்வலர்களுக்கும் இதே விதிகள்தான். அனுமதி வாங்காமல் ஒரு சனிக்கிழமை ப்ளீச்சோடு புகுந்துவிட்டால், பிறகு டிரஸ்டி மறுப்பதற்கு நாமே காரணம் கொடுத்தவர்கள் ஆவோம்.

இண்டியானாபொலிஸின் புறநகர்களான ஃபிஷர்ஸ், வெஸ்ட்ஃபீல்ட் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கும் இதில் வேலை உண்டு. நேற்றுவரை சோளம் விளைந்த நிலத்தில்தான் அந்தக் குடியிருப்புகள் பல எழுந்தன. கல்லறையிலிருந்து 100 அடிக்குள் கட்டுமானத்துக்காக மண்ணைத் தொட, மாநில இயற்கை வளத் துறை ஒப்புதல் தந்த திட்டம் வேண்டும். உங்கள் தெருக்கோடியில் புல்டோசர் வந்தால் அந்தத் துறையைக் கூப்பிடலாம். டிரஸ்டி தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும், பட்ஜெட் விசாரணையில் எழுந்து பேச அது தேவையில்லை.