மனநோய் மாத்திரை வெறும் தூக்க மாத்திரையா?

"மனநோய்க்குத் தருவது எல்லாம் தூக்க மாத்திரைதான், அடிமையாக்கிவிடும், இன்றே நிறுத்துங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்ற மனநோயில் காதில் குரல் கேட்பதற்கும் வீண் சந்தேகத்துக்கும் மூளையில் இருக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளோடு தொடர்பு உண்டு. மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகள் அதன் வேகத்தைத் தணிக்கின்றன. தூக்கம் வருவது பக்கவிளைவு, அதுவும் மருந்துக்கு மருந்து மாறும். போதைப்பொருள் போன்ற ஏக்கம் வருவதில்லை.

பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1950களில் வந்த ஹாலோபெரிடால் போன்றவற்றில் டீ டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கலாம், கழுத்து இழுத்துக்கொள்ளலாம், நடை விறைக்கலாம். பின்னால் வந்த ஒலான்சபினில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் பசி கூடி எடை ஏறும், சர்க்கரையும் வரலாம். குளோசபின் சாப்பிடுபவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளையணு எண்ணிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

சரி, தொல்லை தாங்கவில்லை என்றால்? டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், குமட்டும், சில வாரங்களிலோ மாதங்களிலோ அந்தக் குரல்கள் மறுபடி கேட்கலாம். டாக்டரை உடனே பார்க்க முடியாதவர்கள் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.