கடைசியாகச் சாப்பிட உட்காருபவரின் தட்டு

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டு எழ முயன்ற என் அம்மாவால் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியவில்லை. மூட்டுவலி என்றுதான் நாங்கள் நினைத்தோம். பரிசோதித்த டாக்டரோ, மூட்டில் பெரிய பழுது எதுவும் இல்லை, தொடைத் தசைதான் மெலிந்துபோயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, "தினமும் என்னம்மா சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். "எல்லாம் சாப்பிடுகிறேன் சார், ஒரு குறையும் இல்லை" என்றார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை. மூன்று வேளையும் வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறார்.

அன்றிரவு அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டைத் தாளில் எழுதிக் கணக்குப் பார்த்தேன். காலையில் 2 இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சேர்ந்து தரும் புரதம் 4 அல்லது 5 கிராம். மதியம் ரசம் சோறு, கொஞ்சம் மோர் சோறு, ஒரு பொரியல் எல்லாம் சேர்த்து 8 கிராம். இரவு 2 தோசைக்கு 5 கிராம். இரண்டு வேளைக் காபியில் சேரும் பாலில் இன்னொரு 5 கிராம். மொத்தம் 23 கிராமோடு கணக்கு முடிந்துவிட்டது. அம்மாவின் எடை 55 கிலோ. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். அம்மாவுக்கு அது ஏறத்தாழ 46 கிராம். வயதானவர்களுக்கு ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று முதியோர் ஊட்டச்சத்தை ஆராய்ந்த நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. ஆக, வயிறு நிறையச் சாப்பிட்ட என் அம்மாவுக்குத் தேவையில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

மிஞ்சும் மாவுச்சத்தைக் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் உடம்புக்குப் புரதத்தை அப்படிச் சேமித்து வைக்க இடமில்லை. இதயம், ஈரல், குடல், எதிர்ப்புச் சக்தி என அத்தனைக்கும் புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் அன்றாடம் தேவைப்படுவதால், தட்டிலிருந்து வராததைத் தசையைக் கரைத்து உடம்பு எடுத்துக்கொள்கிறது. இளம் வயதில் ஈடுகட்ட முடிந்த அந்த இழப்பை, உணவைத் தசையாக மாற்றும் திறன் குறைந்துவிடும் முதுமையில் ஈடுகட்ட முடிவதில்லை. அதனால்தான் வயது ஏற ஏறப் புரதமும் ஏற வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. "வயசாயிடுச்சு, இனி எனக்கு எதுக்கு" என்று முதலில் விடப்படுவது முட்டையும் மீனும்தான்.

இந்தக் குறை சமையலறையில் இல்லை, பரிமாறும் வரிசையில் இருக்கிறது என்பது எனக்கு அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு உண்டு. நடுத்துண்டுகள் அப்பாவுக்கும் எங்களுக்கும் வந்துவிடும். அம்மா உட்காரும்போது சட்டியில் குழம்பும் ஒரு தலையும் வாலும் இருக்கும். "எனக்குத் தலைதான் பிடிக்கும்" என்று அவர் சொன்னதை நாற்பது வருடங்களாக நம்பியிருக்கிறேன். கெட்டிப் பருப்பும் அப்படித்தான், பிள்ளைகளின் தட்டில் நெய்யோடு விழுந்த பிறகு அவருக்கு ரசம்தான் மிச்சம். போதாக்குறைக்குச் செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, புரட்டாசி என்று விரத நாள்களும் அவர் கணக்கில்தான் வருகின்றன.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகவில்லை. காலை இட்லியோடு ஒரு அவித்த முட்டை, 6 கிராம். மதியம் ரசத்துக்கு முன்னால் ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு. மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் செய்த சுண்டல், ஏறத்தாழ 10 கிராம். விரத நாளில் முட்டைக்குப் பதிலாக 25 கிராம் மீல்மேக்கர், அதில் 13 கிராம். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளமாக இருக்கிறது. பருப்பில் குறைவாக இருக்கும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. இட்லி மாவில் உளுந்தைச் சேர்த்த நம் முன்னோரின் கைப்பக்குவம் நல்ல பக்குவம்தான், உளுந்தின் அளவுதான் போதவில்லை. டப்பாவில் விற்கும் புரதப் பொடி எதையும் நாங்கள் வாங்கவில்லை. 2024-இல் வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு வழிகாட்டியும் அவற்றைத் தவிர்க்கவே சொல்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும், தங்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவே கூடாது. கூடவே, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் 10 முறை எழுந்து உட்காரும் பயிற்சியையும் டாக்டர் சொல்லியிருக்கிறார். வேலை கொடுக்காத தசையில் புரதம் ஒட்டுவதில்லை.

எல்லாவற்றையும் விடக் கடினமாக இருந்தது, அம்மாவை எங்களோடு ஒன்றாக உட்கார வைப்பதுதான். முதல் வாரம் முழுக்க, பாதி முட்டையை என் மகனின் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்.

முட்டையும் மீனும் வாங்க முடிகிற வீட்டிலேயே இந்த நிலை என்றால், ரேஷனை நம்பியிருக்கும் வீட்டில் என்ன ஆகும்? அரிசியை இலவசமாகத் தரும் நம் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் அதைப் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் பருப்பு. புரதமாகப் பார்த்தால் 2 கிராம்கூட இல்லை. அந்த 2 கிராமும் கடைசியில் சாப்பிடுபவருக்கு மிஞ்சுமா என்பது சந்தேகம். இதே மாநிலத்தில்தான் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று சத்துணவில் தொடங்கிய முட்டை, படிப்படியாக உயர்ந்து வாரத்துக்கு 5 என ஆனது. அதே அக்கறையோடு ரேஷன் பருப்பை 2 கிலோவாக்கி, கூடவே ஒரு கிலோ கொண்டைக்கடலையும் தர வேண்டும் என்று கேட்கிறேன். எல்லா அட்டைகளுக்கும் உடனே முடியாது என்றால், அறுபது வயது கடந்தவர்கள் இருக்கும் அட்டைகளிலிருந்தாவது தொடங்கலாம்.