அந்த கிளிப்பை வெட்டாம முழுசா போட்டிருக்கணும்

ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் லைவ் பாத்தவங்களுக்கு நான் எதைப் பத்திப் பேசுறேன்னு தெரியும். ஆப்பிரிக்காவோட ஆல் டைம் லெவன்ல ரைட் விங் யாருன்னு கேட்டாங்க, நான் நைஜீரியாவோட பழைய விங்கர் ஃபினிடி ஜார்ஜ்னு சொன்னேன். சொல்லி முடிக்கல, அந்த கிளிப்பை ஓட்டிட்டாங்க. கோல் அடிச்சுட்டு நாய் மாதிரி தவழ்ந்து போய் காலைத் தூக்குவாரே, அதேதான். எல்லாரும் சிரிச்சாங்க, கமெண்ட்ல அம்பது பேர் சிரிச்சாங்க, அப்புறம் ஒருத்தர் "நைஜீரியாவுக்கு 62 மேட்ச்ல 6 கோல் அடிச்சவரா சார் உங்க ஆல் டைம்?"னு கேட்டுட்டு அடுத்த பொசிஷனுக்குப் போயிட்டார். நான் பேச வந்ததை யாரும் கேக்கல. அதனால இங்க எழுதுறேன், நீளமாத்தான் இருக்கும்.

முதல்ல அந்த கிளிப். அது 1994 வேர்ல்ட் கப், கிரீஸ் கூட மேட்ச், முதல் பாதி முடியப் போற நேரம். நீங்க போட்ட கிளிப் அவர் கார்னர்கிட்ட தவழ ஆரம்பிக்கிறதுல இருந்துதான் தொடங்குது. அதுக்கு சில செகண்ட் முன்னாடி என்ன நடந்துச்சு? வலது பக்கத்துல இருந்து உள்ள ஓடி வந்து, முன்னால வந்த கீப்பர் தலைக்கு மேல பந்தைத் தூக்கிப் போட்டார் மனுஷன். நைஜீரியா ஆடுற முதல் வேர்ல்ட் கப் அது, குரூப்ல முதலிடம் வாங்கிக் கொடுத்த மேட்ச்ல முதல் கோல் அது. அந்த சிப்பை வெட்டிட்டு காலைத் தூக்குறதை மட்டும் வச்சிருக்கீங்க. முப்பது வருஷமா இப்படித்தான் நடக்குது, கோலை வெட்டிட்டு கொண்டாட்டத்தை வச்சுக்கிறாங்க.

இப்போ அந்த 6 கோல் கதைக்கு வரேன். விங்கர்னா, மைதானத்தோட ஓரத்துல ஓடி மத்தவங்க கோல் அடிக்க பந்து கொடுக்குறவர், அது என்ன வேலைன்னு தெரிஞ்சுட்டுதான் கேக்குறீங்களா? 1991 ஜூலைல புர்கினா ஃபாஸோ கூட 7-1, அது ஃபினிடியோட முதல் மேட்ச். ஒரு கோல் அடிச்சார், ஸ்ட்ரைக்கர் யெகினிக்கு மூணு கோலுக்கு பந்து கொடுத்தார். முதல் மேட்ச்லயே! 94ல பல்கேரியா கூட, யெகினி கோல் வலைக்குள்ள கையை விட்டுப் பிடிச்சுக்கிட்டு கத்துவாரே, அந்த ஃபோட்டோவை ப்ரொஃபைல் பிக்சரா வச்சிருக்கிறவங்க எத்தனையோ பேர். வேர்ல்ட் கப்ல நைஜீரியாவோட முதல் கோல். வலது பக்கத்துல இருந்து அந்த பந்தை உருட்டி விட்டது யாரு? ஃபினிடி. பந்தியில பரிமாறினவரை வாய் நிறைய பாராட்டிட்டு விடியக்காலையில இருந்து அடுப்புகிட்ட நின்னவரை மறந்துடுற மாதிரி இருக்கு இது.

நான் இதை புக்கு படிச்சுத் தெரிஞ்சுக்கல. போர்ட் ஹார்கோர்ட்ல வேலை பாத்தப்போ எங்க ஆபீஸ்ல ஒரு டிரைவர் இருந்தார், என்னை விட வயசுல பெரியவர், ஆனாலும் என்னை ஓகான்னுதான் கூப்பிடுவார், அங்க முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஃபினிடி அந்த ஊர்க்காரர்தானே, ஒரு நாள் ட்ரான்ஸ் அமாடி சிக்னல் நெரிசல்ல மாட்டிக்கிட்டு ஃபினிடி பேச்சு வந்துச்சு. கூட வந்த இன்னொருத்தர் அந்த நாய் கொண்டாட்டத்தைச் சொல்லி சிரிச்சார். டிரைவர் ஒண்ணும் சொல்லல. சைட்டுக்குப் போய் இறங்கினதும் என்னை மட்டும் கூப்பிட்டு, ஹர்மட்டான் காத்துல தூசி படிஞ்ச ஹைலக்ஸ் வண்டியோட பானெட்ல விரலால ஒரு நீளக் கோடு போட்டார், அது டச் லைன், மைதானத்தோட ஓரக் கோடு. அதை ஒட்டி ஒரு புள்ளி, அது ஃபினிடி. "இவன் இங்கேயே நிப்பான் ஓகா, உள்ள வரமாட்டான், பந்து வர்ற வரைக்கும் நிப்பான்"னு சொல்லிட்டு, எதிர் டீம் லெஃப்ட் பேக் புள்ளியை ஃபினிடி பக்கம் இழுத்தார், நடுவுல விழுந்த இடைவெளியைத் தட்டிக் காட்டினார். எனக்கு இவ்வளவு தெளிவா டிவில எந்த நிபுணரும் சொல்லிக் கொடுத்ததில்ல.

கோச் வான் ஹாலோட அயாக்ஸே, ஃபினிடி ஆடின நெதர்லாந்து கிளப், அந்த இடைவெளியிலதான் நடந்துச்சு. இடது பக்கம் ஓவர்மார்ஸ், வலது பக்கம் ஃபினிடி, ரெண்டு பேரும் கோட்டை ஒட்டி நிக்கணும். அவங்களைப் பிடிக்க எதிர் டீம் டிஃபெண்டர் வெளிய வந்தா நடுவுல லிட்மானன் புகுந்துடுவார். வரலன்னா ஃபினிடிக்கு ஓட இடம். ரெண்டுல எது நடந்தாலும் அவங்களுக்குத் தலைவலிதான். 1994-95 சீசன்ல லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்கல, ஐரோப்பாவோட சாம்பியன்ஸ் லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்கல. செமி ஃபைனல்ல பயர்னை 5-2, அதுல ஃபினிடி ஒரு கோல். ஃபைனல் வியன்னால, 1995 மே 24. எதிர்ல கோச் கப்பெல்லோவோட மிலான், அவங்க டிஃபென்ஸ்ல இடது பக்கம் நின்னது மால்தினி. மால்தினி எதிர்ல நின்னு ஆடி ஜெயிச்சுட்டு வந்திருக்கார் சார், 1-0. க்ளைவர்ட் அடிச்ச கோல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. வலது பக்கம் யார் இருந்தாங்கன்னு யாருக்கும் ஞாபகம் இல்ல.

"டீம் நல்ல டீம், யார் நின்னாலும் ஜெயிச்சிருப்பாங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். சரி, அந்த டீமை விட்டு 1996ல ஸ்பெயின் போனாரே, ரியல் பெடிஸுக்கு? அங்க லீக்ல 130 மேட்ச், 38 கோல். கோல்தான் கணக்குன்னு சொன்னீங்கல்ல, இந்தாங்க. வந்த முதல் சீசன்லயே டீம் நாலாவது இடம், ஸ்பெயினோட கப் போட்டி கோப்பா டெல் ரேல ஃபைனல். மாட்ரிட் பெர்னபேயு ஸ்டேடியத்துல பார்சிலோனா கூட, 82வது நிமிஷம் ஃபினிடி அடிச்சு 2-1. கப் கைக்கு வந்துடுச்சுன்னு இருந்தப்போ பார்சிலோனாவோட பிட்ஸி அடிச்சார், எக்ஸ்ட்ரா டைம்ல ஃபிகோ அடிச்சு 3-2. அங்க கோல் அடிச்சா கார்டோபா தொப்பியைத் தலையில வச்சுக்கிட்டு கொண்டாடுவார், செவில்லேல பெடிஸ் ரசிகர்கள் இன்னைக்கும் அவரைக் கொண்டாடுறாங்க. அப்புறம் இங்கிலாந்து கிளப் இப்ஸ்விச்ல சரியா ஆடலன்னு சொல்றீங்களா, ஆடல, முப்பது வயசுல போனார், டீமே ரெலகேட் ஆச்சு, விடுங்க.

"அதே நைஜீரியா டீம் அமுனிகேவுக்கு 94 ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது, ஃபினிடிக்கு என்ன?"ன்னு இன்னொரு கேள்வி. அமுனிகே மேல எனக்கு பெரிய மரியாதை இருக்கு, 94 ஆப்பிரிக்கக் கோப்பைல ஜாம்பியா கூட நடந்த ஃபைனல்ல ரெண்டு கோலும் அவரு. ஆனா அவர் இடது பக்கம்யா! சாடியோ மானே கூட ஒப்பிடுறவங்களுக்கும் சொல்றேன், உள்ள வெட்டி வந்து ஷூட் பண்றது வேற வேலை, கோட்டை ஒட்டி நின்னு கிராஸ் போடுறது வேற வேலை. இதைப் புரிய வைக்க எனக்குத் தெம்பு இல்ல.

ஆனா ஒண்ணு மட்டும் யாரும் பேசமாட்டேங்குறாங்க. ஃபினிடி உச்சத்துல இருந்தது 95, 96. 1995 நவம்பர் 10, அவரோட அதே போர்ட் ஹார்கோர்ட்ல எழுத்தாளரும் போராளியுமான கென் சாரோ-விவாவையும் எட்டு பேரையும் ராணுவ ஆட்சியாளர் அபாச்சாவோட அரசு தூக்குல போட்டுச்சு. தென்னாப்பிரிக்க அதிபரா இருந்த மண்டேலா கண்டிச்சார். அந்தக் கோவத்துல 1996ல தென்னாப்பிரிக்கால நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு அபாச்சா டீமையே அனுப்பல, அதுக்கு தண்டனையா 98க்கும் நைஜீரியாவுக்குத் தடை. ஒரு விங்கரோட 24ல இருந்து 27 வயசு வரைக்கும் ஆப்பிரிக்கக் கோப்பையே கிடையாது. அதுக்கப்புறம் வந்து 6 கோல், 6 கோல்னு சொல்றீங்க. ஆடவே விடாத டோர்னமெண்ட்ல எப்படி கோல் அடிக்கிறது?

கோச்சிங் பத்தியும் கேட்டீங்க. நைஜீரிய கிளப் என்யிம்பாவுக்கு 2023ல லீக் ஜெயிச்சுக் கொடுத்தார், அதை யாரும் சொல்லல. 2024ல நேஷனல் டீம் கொடுத்தாங்க, 2026 வேர்ல்ட் கப் தகுதிச் சுற்றுல தென்னாப்பிரிக்கா கூட 1-1, பெனின் கூட 1-2, அவ்வளவுதான், சில நாள்ல ராஜினாமா பண்ண வேண்டியதாச்சு. அவருக்கு முன்னாடி போர்ச்சுகல்காரர் பெசேரோ கோச்சா இருந்தப்போ லெசோத்தோ கூடவும் ஜிம்பாப்வே கூடவும் டிரா பண்ணி பாயிண்ட் விட்டது யாரு கணக்கு? வெளிநாட்டு கோச் தோத்தா "டைம் கொடுக்கணும்", சொந்த ஊர்க்காரன் தோத்தா "லாயக்கு இல்ல". அவருக்கப்புறம் லபாடியான்னு ஒரு ஜெர்மன்காரர் பேரை அறிவிச்சாங்க, அவர் வரவே இல்ல. கடைசியா பிளே ஆஃப்ல டி.ஆர். காங்கோ கூட பெனால்டில தோத்து 2026 வேர்ல்ட் கப்பும் போச்சு. அதுக்கும் ஃபினிடி விட்ட அந்த ரெண்டு மேட்ச்தான் காரணம்னு லைவ்லயே ஒருத்தர் சொன்னார். பத்து மேட்ச் இருந்த குரூப்ல அவர் நின்னது ரெண்டே ரெண்டுக்குத்தான், மிச்ச எட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவங்க பேரை அப்படிச் சொன்னவர் ஒரு தடவை கூட எடுக்கல.