சைடரின் திறந்த வாயும் இரண்டு வருடக் காத்திருப்பும்

2019 ஜூனில் வன்கூவரில் நடந்த என்எச்எல் டிராஃப்ட்டை, அதாவது வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கின் அணிகள் இளம் வீரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியை, ரிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது இடம் டெட்ராய்ட் றெட் விங்ஸுடையது. ஸ்டீவ் ஐசர்மன் அங்கே பொது மேலாளராக வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மேடையில் "மோரிட்ஸ் சைடர்" என்றதும் கமெரா அந்த ஜெர்மன் பையன் பக்கம் திரும்பியது. கண்கள் விரிந்து, வாய் திறந்தது திறந்தபடி. பெயருக்கு உரியவனுக்கே நம்பிக்கை வரவில்லை. அவரை எடுப்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் கணித்தவர்களில் பெரும்பாலானோர் சொல்லியிருந்தார்கள். "டெட்ராய்ட்டுக்கு மண்டை கழன்றுவிட்டது" என்று நான் நண்பனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். அந்த மெசேஜை அவன் இன்னும் அழிக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை எனக்கே திருப்பி அனுப்புவான்.

1967க்குப் பிறகு என்எச்எல் கோப்பையைக் கண்ணால் காணாத ரொறன்ரோக்காரன், டெட்ராய்ட்டைப் புகழக் கிளம்பியிருக்கிறேன் என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் ஒரு பையனை எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தக் கோடையிலேயே மூன்று வருட ஒப்பந்தம் போட்டார்கள். பதினெட்டு வயதில் முதல் ஒப்பந்தம் என்றால் எல்லாருக்கும் மூன்று வருடம்தான். பேரம் பேசவும் பெரிதாக இடமில்லை; அந்த வருடம் தேர்வானவர்களுக்கு வருடச் சம்பள உச்சவரம்பு 925,000 டொலர், ஊக்கத்தொகைகள் தனி. கையெழுத்து வாங்கிவிட்டு, கீழ்நிலை லீக்கான ஏஎச்எல்லில் இருக்கும் தங்கள் அணி கிராண்ட் ராப்பிட்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த சீசனில் டெட்ராய்ட் லீக்கிலேயே கடைசி. 71 ஆட்டங்களில் 17 வெற்றி. வாராவாரம் அடி. கூட்டத்துக்குக் காட்டவாவது "இதோ எங்கள் புதுப் பையன்" என்று மேலே கூப்பிட்டிருக்கலாம். ரசிகர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஒரு ஆட்டத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. அவர் கிராண்ட் ராப்பிட்ஸில் 49 ஆட்டம் ஆடி 22 புள்ளி எடுத்தார் (கோல் போட்டாலும் கோலுக்கு உதவினாலும் ஒரு புள்ளி). கொரோனா வந்தது, லீக் மூடியது. அடுத்த சீசனில் ஐரோப்பாவுக்குக் கடனாக அனுப்பி, சுவீடனில் ரோக்லே அணியில் முழுதாக ஆட விட்டார்கள். ஜனவரியில் என்எச்எல் தொடங்கிய பிறகும் திருப்பிக் கூப்பிடவில்லை. 41 ஆட்டத்தில் 28 புள்ளி. சுவீடன் லீக்கின் சிறந்த பின்கள வீரர். 2021 இலையுதிர் காலத்தில்தான் டெட்ராய்ட் சட்டையோடு இறங்கினார். 82 ஆட்டம், 50 புள்ளி, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை.

பொறுமை, பாசம், தொலைநோக்கு என்று இதைத் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டாம். கணக்கும் இருக்கிறது. 18, 19 வயதில் என்எச்எல்லில் பத்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் அந்த ஒப்பந்தத்தின் கடிகாரமே ஓடாது, ஒரு வருடம் தள்ளிப்போகும். சைடருக்கு இரண்டு முறை தள்ளிப்போனது. 2019இல் போட்ட மூன்று வருட ஒப்பந்தம் 2024 வரை வந்தது அப்படித்தான். தேறி முடித்த ஆட்டக்காரரை மூன்று வருடம் தொடக்கநிலைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஏழு வருடத்துக்கு, வருடம் 8.55 மில்லியன் டொலர். பையனுக்கு நல்லதும் முதலாளிக்கு லாபமும் ஒரே பக்கம் சாய்வது அபூர்வம், இங்கே சாய்ந்தது.

இன்னொன்று, சைடர் ஐரோப்பாவிலிருந்து எடுக்கப்பட்டவர் என்பதால்தான் பதினெட்டு வயதில் ஏஎச்எல் கதவு திறந்திருந்தது. எங்கள் ஒன்டாரியோ ஜூனியர் லீக்கிலிருந்து ஒருவரை எடுத்தால் இருபது வயது ஆகும்வரை ஏஎச்எல்லுக்கு அனுப்ப முடியாது என்பது பல வருடம் இருந்துவந்த விதி. ஒன்று என்எச்எல், இல்லாவிட்டால் திரும்பவும் ஜூனியர். நடுவில் படியே இல்லை.

படி இருந்தும் தாண்டிக் குதிக்க வைப்பவர்களும் உண்டு. 2016இல் நாலாவதாக எடுத்த பின்லாந்துப் பையன் பூல்யுயார்வியை எட்மன்டன் அதே வருடம் என்எச்எல்லில் இறக்கியது. 28 ஆட்டத்துக்குப் பிறகு கீழே அனுப்பினார்கள். அப்புறம் மேலே, கீழே, கடைசியில் ஒரு சீசன் சொந்த நாட்டுக்கே போய் ஆடினார். கெட்ட ஆட்டக்காரர் இல்லை. ஆனால் நாலாவது இடத்தில் எடுத்தபோது கனவு கண்ட ஆள் அவர் இல்லை.

சரி, காத்திருந்தால் போதுமா? அதுவும் இல்லை. சைடருக்கு முந்தைய வருடம் அதே டெட்ராய்ட், அதே ஆறாவது இடத்தில் ஸடினா என்ற பையனை எடுத்து, அதே கிராண்ட் ராப்பிட்ஸுக்கு அனுப்பியது. 2023இல் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு பிரிந்தார்கள். வைக்கோலில் போட்டால் மாங்காய் பழுக்கும், கல் பழுக்காது என்று அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. ஒரே வைக்கோலில் கிடக்கும் பத்தில் இரண்டு அழுகுவதும் வழக்கம்தானே.

ஆட்ட நேரம் என்பதன் அருமை எனக்குப் புரிந்தது ஐசர்மனால் இல்லை, என் அக்கா மகனால். ஸ்காபரோவில் ஒரு அணியில் ஆடிக்கொண்டிருந்தான். போன வருடம் அவனை மேல் பிரிவு அணி ஒன்று எடுத்தது. அக்கா சந்தோஷத்தில் ஊரெல்லாம் போன் போட்டாள். காலை ஆறு மணிக்கு ஐஸ் அரங்கில் கோப்பியோடு நின்று பார்த்தேன். பெஞ்சின் கடைசியில், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முறை பயிற்சியாளர் திரும்பும்போதும் பாதி எழும்புவான். பிறகு உட்காருவான். காரில் ஏறியதும், "மாமா, இண்டைக்கு மூண்டு தரம்தான் இறக்கினவை" என்றான். பிறகு ஒன்றும் பேசவில்லை. மாசியில் பார்த்தபோது, பக் என்கிற அந்த றப்பர் வட்டைக் காலடியில் வைத்துக்கொண்டே யாரிடமாவது தள்ளிவிடப் பார்த்தான். முன்பு அப்படி இல்லை.

இந்த வருடம் பழைய அணிக்கே திருப்பிப் போட்டோம். அக்காவுக்கு இன்னும் மனமில்லை, "தம்பி, சனம் என்ன நினைக்கும்" என்கிறாள். போன சனிக்கிழமை கடைசி இரண்டு நிமிடமும் அவன்தான் ஐஸில் நின்றான். பக்கை இழந்தான், கோல் விழுந்தது, தோற்றார்கள். வெளியே வரும்போது பசிக்குது என்றான். வழியில் ரிம் ஹோர்ட்டன்ஸில் நிறுத்தினேன். பிடி நழுவிய அந்த ஒரு இடத்தை, மேசையில் சீனிப் பக்கெட்டுகளை அடுக்கி, கால் மணி நேரம் எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.